உள்ளே ஆள் இல்லை

சௌந்தர் வெளியே பூட்டைப் போட்டு, விழுந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொத்து வேலைக்குப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. தவமணி புருஷன் காட்டிவிட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், கதவு இடுக்கில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாத மூலை அது. காத்தாடி போடக் கூடாது, கரகரவென்று சத்தம் வரும். லைட் போடக் கூடாது. இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டும். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போடு என்றான், அணைத்த போன் எப்படி அடிக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கட்டின பெண்டாட்டியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவனிடம் அந்த நேரத்தில் நியாயம் பேச முடியாது, அவன் முகத்தையும் பார்க்கச் சகிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் இந்தக் காலனியில் பாதி வீடு இப்படித்தான், வெளியே பூட்டு, உள்ளே பொம்பளை. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நூல் மில்லில் கூட வேலை பார்த்த ஜெசிந்தா ஒரு தடவை சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெசிந்தாவை இன்றைக்கு நினைக்கக் கூடாது என்று காலையில் பல் விளக்கும்போதே முடிவு பண்ணியிருந்தாள். முடிவு பண்ணி என்ன ஆகப்போகிறது. செத்தவளுக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது, நினைத்தபோது வருவாள்.

பைக் சத்தம் கேட்டது. பிரதாப் சாருடைய பைக்தான், நிற்கும்போது இரண்டு தரம் செருமிவிட்டு நிற்கும். கடன் கம்பெனியிலிருந்து வாராவாரம் பணம் பிரிக்க வருகிறவன், இருபத்தைந்து இருபத்தாறு வயசுக்கு மேல் இருக்காது, ஆனாலும் எல்லாருக்கும் சார்தான். பக்கத்து வீடு பஞ்சவர்ணத்தக்கா வீடு, கடன் வாங்கிய பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி, அவள் வீட்டு வாசலில்தான் பாய் விரித்துக் கூட்டம் நடக்கும். பாய் உதறும் சத்தம், வளையல் சத்தம், யாரோ மூக்கு உறிஞ்சும் சத்தம், எல்லாம் ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டி இவள் மடியில் வந்து விழுந்தன. கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி கட்டவில்லை என்றால் அவள் பங்கை மற்றவர்கள் பிரித்துக் கட்ட வேண்டும், கட்டி முடிகிற வரைக்கும் ஒருத்தியும் பாயைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. முதல் தடவை கடன் வாங்கும்போது அந்தச் சட்டம் நல்லாத்தான் இருந்தது. ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், புருஷன் கையெழுத்துகூடப் பேருக்குத்தான். உங்களுக்குள்ள இருக்கிற நம்பிக்கைதான்க்கா எங்களுக்குப் பத்திரம் என்று பிரதாப்புக்கு முன்னால் இருந்த சார் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். தவமணியும் தட்டினாள். அப்படித் தட்டிய கையை இப்போது இருட்டில் பார்த்தாள், உள்ளங்கை வெளுத்துப்போய் இருந்தது, நூல் மில் வேலை போனதிலிருந்து காய்ப்புகூட உரிந்து வழவழவென்று ஆகிவிட்டது. மில்லில் மூன்று ஷிப்டை ஒன்றாக்கியபோது முதலில் நிறுத்தியது கூட்டிப் பெருக்குகிறவர்களைத்தான். அதுவரைக்கும் ஒரு வாரம் தவறியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த மாசத்தில்கூடத் தவறியதில்லை. இப்போது மூன்று செவ்வாய் போய்விட்டது, இது நாலாவது.

"தவமணி எங்கக்கா?" என்று பிரதாப் கேட்டான். "பூட்டுத்தான தொங்குது, பாத்தீங்கள்ல" என்றாள் பஞ்சவர்ணம். "பூட்டு தொங்குனா ஆள் இல்லைன்னு அர்த்தமாக்கா? நான் என்ன நேத்தா வேலைக்கு வந்தேன்?" என்றான். பாயில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பில் யார் யார் குரல் இருக்கிறது என்று தவமணி பிரித்துப் பார்த்தாள், பஞ்சவர்ணத்தின் குரல் இல்லை என்று பட்டது, அது ஒரு ஆறுதல். பிறகு கதவுக்கு நேரே செருப்புச் சத்தம், கிளிக் என்று போனில் படம் எடுக்கும் சத்தம். பூட்டிய கதவைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்புவார்கள், ஆள் போனான், பார்த்தான், வீடு பூட்டியிருந்தது என்பதற்குச் சாட்சி. படத்துக்குள் தானும் இருக்கிறோம் என்று நினைத்தாள். கதவு, பூட்டு, கதவுக்குப் பின்னால் இருட்டில் மடக்கி வைத்த இரண்டு கால். அந்தப் படத்தை எந்த ஊரிலோ ஒரு மேனேஜர் பார்த்து, உள்ளே ஆள் இல்லை என்று எழுதிக்கொள்வான். எழுதிக்கொள்ளட்டும். ஆள் இல்லைதான். இருக்கிற ஆளாக இருந்தால் காத்தாடி ஓடும், அடுப்பு எரியும், கதவைத் திறந்து என்ன சார் என்று கேட்கும். இது என்ன ஜென்மம், மூச்சைக்கூடப் பாதி பாதியாக விட்டுக்கொண்டு. கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிரதாப் மேல் கோபப்பட முடியாது, அவன் ஒரு தரம் வெயிலில் வந்து தலை சுற்றி இதே வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தவன். சௌந்தர் மேல் கோபப்பட முடியாது, அவனுக்கு உண்மையே தெரியாது.

சௌந்தருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தவமணி தன் தம்பிக்காக முப்பதாயிரம் வாங்கிக் கொடுத்துவிட்டாள், தம்பி பட்டை நாமம் சாத்திவிட்டான். பாவம், தம்பிக்கு ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு வந்தபோது மாமன் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்குப் புரியவில்லை. பணம் போனது ஜெசிந்தாவுக்கு. அவளுக்கு ஏற்கெனவே கம்பெனியில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்தது, அது முடியாமல் அவள் பேரில் இன்னொன்று தர மாட்டார்கள். மில் பாத்ரூமுக்குப் பின்னால், பைப்பைத் திறந்து விட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் ஜெசிந்தா கேட்டாள். "உன் பேருல எடுத்துக் குடு தவம். வாராவாரம் திங்கக்கிழமையே உன் கையில கொண்டாந்து வச்சுருவேன். உன்கிட்ட மட்டுந்தான் கேக்குறேன்." தவம் என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அம்மாகூடத் தவமணி என்று முழுசாகத்தான் கூப்பிடுவாள். எதுக்கு என்று தவமணி கேட்டாள், சின்ன அவசரம் என்றாள், முப்பதாயிரம் எப்படிச் சின்ன அவசரம் ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உன்கிட்ட மட்டுந்தான் என்ற சொல்லில் விழுந்தாள். அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும், இந்த வயசில் தன்னை மட்டும் தேடி ஒருத்தி வந்தாள் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. சொன்னபடியே திங்கள்கிழமை தோறும் பணம் வந்தது. சுருட்டி, ரப்பர் போட்டு, டிபன் டப்பா மூடிக்குள் வைத்துக் கொடுப்பாள். சில வாரம் ஒரு துண்டு அதிரசமும் இருக்கும். பிறகு அதிரசம் நின்றது, பிறகு பணம் ஒருநாள் இரண்டுநாள் தள்ளி வந்தது, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா கூட்டத்துக்கே வரவில்லை.

வேண்டாம், அதற்கு மேல் வேண்டாம். நீர் முட்டிக்கொண்டு வந்தது. காலையில் சௌந்தர் பூட்டுவதற்கு முன்னால் பொதுக் கக்கூஸுக்குப் போய் வந்ததுதான், இனி அவன் சாயங்காலம் வந்தால்தான். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற அங்கணம் இருக்கிறது, அங்கே உட்காரலாம், ஆனால் அங்கணத்துத் தண்ணீர் பின்சந்தில் போய்த்தான் விழும். சந்தில் யாராவது நின்றால் பூட்டிய வீட்டிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மனுஷி தன் வீட்டில் ஒண்ணுக்குப் போவதற்கும் கம்பெனிக்காரனைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் இன்னும் முட்டியது. வெளியே குரல் ஏறியது. "அவ பங்கையும் நாங்கதான் கட்டணுமா சார்? மூணு வாரமா கட்டிருக்கோம். எங்க வீட்டுல மட்டும் மெஷினா வச்சு அடிக்கிறோம்?" என்று ஒருத்தி. "கட்டலைன்னா உங்க யாருக்கும் அடுத்த லோன் கிடையாதுக்கா. நான் சொல்லல, சிஸ்டம் சொல்லுது" என்று பிரதாப். "அடியே, உள்ளதான் இருக்க, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்க, நல்லாக் கேளு" என்று இன்னொருத்தி சுவரைப் பார்த்துக் கத்தினாள். "எங்க வவுத்துல அடிச்சு நீ நல்லா இருந்துருவியாடி?" தவமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது. இந்த வார்த்தைகள் இவளுக்குப் புதுசு இல்லை. இதே வார்த்தைகளை, ஏறக்குறைய இதே வரிசையில், வேறொரு கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அந்தக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜெசிந்தா வரவில்லை என்றதும் கூட்டமே பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனது, அதுவும் வழக்கம்தான், கட்டாதவள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவது. கூப்பிட்டார்கள், சத்தம் இல்லை. ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா என்றார்கள். எல்லாருமே ஒருநாள் இல்லை ஒருநாள் ஒளிந்தவர்கள்தானே, ஒளிந்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், சத்தம் இல்லாமல் இருந்தால் ஒளிந்திருக்கிறாள் என்று அர்த்தம். அதனால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. கதவைப் பார்த்து ஏசினார்கள், ஏசி அலுத்துப்போய் ஊர்க்கதை பேசினார்கள், யாரோ அவித்த கடலை வாங்கி வந்தார்கள். தவமணி ஏசவில்லை. நல்ல மனசினால் இல்லை, பயத்தினால். கோபம் வந்து உள்ளே இருந்து ஜெசிந்தா இவ பேருல வாங்கினதும் எனக்குத்தான் என்று போட்டு உடைத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டு, வாயில் கடலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். கடலை நல்ல இளசு, உப்பு சரியாக இருந்தது. அது ஏன் இன்னும் ஞாபகம் இருக்க வேண்டும், அந்த உப்பு, நாக்கின் நுனியில். சாயங்காலம் ஜெசிந்தாவின் புருஷன் வந்து கதவை உதைத்துத் திறந்தான். காலையிலேயே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போலீசில் வயிற்றுவலி தாங்காமல் என்று எழுதிக் கொடுத்தார்கள், பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. அப்படியானால் அவ்வளவு நேரமும் யாரை ஏசினார்கள், யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து யார் கதையைப் பேசினார்கள். ஒன்றும் அவள் காதில் விழுந்திருக்காது என்று பஞ்சவர்ணத்தக்கா எல்லாரையும் தேற்றினாள். அது எப்படித் தேறுதல் ஆகும் என்று தவமணிக்கு இன்று வரை விளங்கவில்லை.

சாவு வீட்டில் துட்டி கேட்க வந்த பிரதாப் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல செய்தி சொல்கிற குரலில், "அவங்க லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்குண்ணே. ஆள் தவறிட்டா மிச்சத்தக் கட்ட வேண்டியது இல்ல" என்று ஜெசிந்தாவின் புருஷனிடம் சொன்னான். அவன் தலையாட்டினான், காரியம் முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். போகிறவனை நிறுத்தி, உன் பெண்டாட்டி என் பேரில் வாங்கியது ஒன்று இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது. சொன்னால் செத்தவள் மேல் கடனைச் சுமத்துகிறாள் பார் என்பார்கள். ஜெசிந்தாவின் கடன் ஜெசிந்தாவோடு போனது, ஜெசிந்தாவுக்காக வாங்கிய கடன் தவமணியோடு நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இவள் கட்டியது ஒரு பேயின் தவணை. கட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டும். அன்றைக்குக் காலையில், தாழ் போடுவதற்கு முன்னால், ஜெசிந்தா கணக்குப் பார்த்திருப்பாள் அல்லவா. நான் போனால் கடன் போய்விடும், புருஷனுக்கு நிம்மதி, பிள்ளைகளுக்கு நிம்மதி என்று பார்த்திருப்பாள் அல்லவா. அந்தக் கணக்கில் தவம் எங்கே போனாள். மறந்துவிட்டாளா. இல்லை, தவம் சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாளா. மறந்திருந்தால் தாங்க முடியாது. ஞாபகம் இருந்தும் விட்டிருந்தால் அதையும் தாங்க முடியாது. மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும், அது எது என்று தேடித்தேடி எத்தனை ராத்திரி சௌந்தர் குறட்டையை எண்ணியிருக்கிறாள்.

இனி அடக்க முடியாது. சந்தில் யார் நின்றாலும் நிற்கட்டும் என்று எழுந்தாள். அவ்வளவு நேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போய், தரையே இல்லாத மாதிரி இருந்தது. இரண்டு எட்டு வைத்தாள், சமையல்கட்டு வாசலில் கால் மடங்கியது, பிடிக்கக் கிடைத்தது பாத்திர ஸ்டாண்டு, அதுவும் இவளோடு சேர்ந்து வந்தது. குடம், அண்டா, தட்டு, டம்ளர், அத்தனையும் ஒரேயடியாக விழுந்து, கடைசியில் ஒரு மூடி மட்டும் சுற்றிச் சுற்றிச் சுற்றி நின்றது. நனைந்துவிட்டது, பாவாடை, சேலை, தரை, எல்லாம். அப்படியே ஒருக்களித்துக் கிடந்தாள். வெளியே ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒருத்தி, "என்னாடி அது?" என்றாள். "பூனையா இருக்கும்." "பூனை இம்புட்டுச் சத்தமாவா?" "தவமணி?" என்றாள் பஞ்சவர்ணம். "ஏய் தவமணி!" தவமணி வாயைத் திறக்கவில்லை. இந்தக் கோலத்தில், மூத்திரத்தில் கிடந்துகொண்டு, இருக்கிறேன் என்று சொல்வதைவிட இல்லாமலேயே இருந்துவிடலாம். மீண்டும் கூப்பிட்டார்கள். மீண்டும் சும்மா இருந்தாள். வெளியே யாரும் ஏசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வவுத்துல அடிச்சு என்று கத்திய அதே குரல், "ஐயோ மாதாவே, மாதாவே" என்று நடுங்கியது. ஒரே நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது, தவணை, பங்கு, அடுத்த லோன், எல்லாம். தரை குளுகுளுவென்று இருந்தது. அட, இவ்வளவுதானா. இப்படிக் கிடந்தாலே போதுமா. பிரதாப் கையைக் கட்டிக்கொண்டு வருவான், அண்ணே, மிச்சத்தக் கட்ட வேண்டியது இல்ல என்பான். சௌந்தர் தலையாட்டுவான். தம்பி மேல் உள்ள கோபம்கூடத் தீர்ந்துவிடும். மனசு லேசாகியது, பஞ்சு மில்லில் காற்றில் மிதக்குமே அப்படி லேசாகியது. அந்த லேசு வந்த வேகத்தைப் பார்த்துத்தான் தவமணி பயந்துபோனாள். ஜெசிந்தாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும். கணக்கும் பார்த்திருக்க மாட்டாள், ஒரு மண்ணும் பார்த்திருக்க மாட்டாள். இந்த லேசில் யார் ஞாபகம் வரும்.

பின்சந்தில் யாரோ ஓடி வந்தார்கள். சமையல்கட்டு ஜன்னல் பலகையில் கை விழுந்தது, உள்ளங்கையால் இல்லை, முஷ்டியால். "தவமணி! வாயத் திறடி! அன்னைக்கு மாதிரி உக்காந்துக்கிட்டு இருக்க மாட்டேன்டி, ஒடச்சுருவேன், கேக்குதா?" பஞ்சவர்ணம் அழுதுகொண்டே பலகையை இடித்தாள். அவளுக்குப் பின்னால் பிரதாப்பின் குரல் கீச்சென்று வந்தது. "அக்கா, லோன விடுங்கக்கா, பேசுங்கக்கா. ஐயோ, போட்டோ வேற எடுத்து அனுப்பிச்சுத் தொலைச்சேனே." இவள் வாயைத் திறந்தாள், காலையிலிருந்து பேசாத தொண்டையில் காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். "இருக்கேன்" என்றாள். "என்னா?" "இருக்கேன்க்கா. கீழ விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல." சந்தில் பஞ்சவர்ணம் ஏச ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படி ஒரு ஏச்சை அந்தக் காலனி கேட்டதில்லை, அப்பன் ஆத்தாளில் தொடங்கி அவள் குலத்தையே இழுத்து நிறுத்தி ஏசினாள். தவமணிக்கு அது காதில் தேனாக விழுந்தது. ஏசுங்கக்கா, இன்னும் ஏசுங்கக்கா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் பிரதாப்புக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. தப்புச் சொல்லவும் முடியாது, அவன் சம்பளமும் பிரிக்கிற காசைப் பார்த்துத்தான். முன்பக்கம் போய் பூட்டிய கதவோடு பேசினான். "எப்பக்கா கட்டுவீங்க? ஒரு தேதி சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்." "முழுசா முடியாது சார்" என்றாள் உள்ளே இருந்து. தன் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். "பாதின்னா?" "பாதியும் முடியாது. வாரத்துக்கு இருநூறு. பூண்டு உரிக்கிற குடோன்ல கூப்பிட்டிருக்காய்ங்க, திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழம கூலி. அதுல இருநூறு வரும்." "இருநூறுக்கு மேனேஜர் ஒத்துக்க மாட்டாருக்கா." "அப்ப மேனேஜர வரச் சொல்லுங்க. வந்து இந்தப் பூட்டோட பேசட்டும்." பாயில் யாரோ மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். பிரதாப் போனில் யாரிடமோ பேசினான், ஆமாம் சார், இல்லை சார், உள்ளதான் சார் என்றான், கொஞ்ச நேரம் இழுத்தான், முன்னூறு என்றான், இவள் இருநூறிலேயே நின்றாள், கடைசியில் இருநூற்றைம்பதில் வந்து நின்றது. "இன்னொண்ணு சார். என் பங்க இனிமே யாருகிட்டயும் வாங்கக் கூடாது. மூணு வாரமா அவுங்க கட்டுனதையும் நான்தான் அவுங்களுக்குக் குடுப்பேன்." அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்க்கா என்றான். பைக் இரண்டு தரம் செருமிவிட்டுக் கிளம்பியது. பாய் உதறுகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு வளையலாக விலகிப் போனது.

பஞ்சவர்ணம் மட்டும் போகவில்லை. பின்ஜன்னலில் நின்று பலகை இடுக்கில் வாயை வைத்துப் பேசினாள், சூடான மூச்சு உள்ளே வந்தது. "ஏன்டி, வாராவாரம் கரெக்டாக் கட்டுனவதான நீ. அப்படி என்னாடி செஞ்ச அந்தக் காச?" தவமணி ஈரச் சேலையோடு ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குக் குடுத்தேன் என்ற பழைய பொய் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் களைத்துப்போயிருந்தாள், பொய்யைத் தூக்குகிற தெம்புகூட உடம்பில் இல்லை. "அது என் கடன் இல்லக்கா" என்றாள். "பெறகு யாரு கடன்?" செத்தவள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. இடுக்கில் மூச்சு நின்றது. பிறகு பஞ்சவர்ணத்தின் குரல், அதுவரை தவமணி கேட்டிராத சின்னக் குரல், "உன்கிட்டயுமா?" என்றது. முதலில் தவமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து நின்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா?" "நானும்தான்டி எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் கட்டிக்கிட்டு இருக்கேன். எம் மகளுக்குக்கூடத் தெரியாது. ஒங்ககிட்ட மட்டுந்தான்க்கா கேக்குறேன்னு கையப் பிடிச்சா, பாவி. கையப் பிடிச்சு அழுதா."

தண்ணீர்ச் சத்தம், திறந்து விட்ட பைப், தவம் என்று கூப்பிட்ட குரல், டிபன் டப்பா மூடிக்குள் அதிரசம். எல்லாவற்றையும் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கடன் ஜப்தி செய்ய வருகிறவர்கள் பீரோவை எடுப்பார்கள், கட்டிலை எடுப்பார்கள், இதை எடுப்பார்கள் என்று தவமணி நினைத்துப் பார்த்ததில்லை. இன்னும் எத்தனை பேர். சற்று முன்னால் மாதாவே என்று நடுங்கினாளே, அவளிடமும் இருக்குமோ. மெஷினா வச்சு அடிக்கிறோம் என்று கேட்டாளே, அவளிடமும் இருக்குமோ. ஒவ்வொருத்தியும் தன்னிடம் மட்டும் என்று நெஞ்சுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், ஒரே பாயில் உட்கார்ந்து, செத்தவளுக்குத் தவணை கட்டிக்கொண்டு, அன்றைக்கு அவள் வாசலில் கடலையும் தின்றுகொண்டு. பஞ்சவர்ணம் வெளியே அழுதாள், செத்துப்போனவளை வாய்க்கு வந்தபடி திட்டி அழுதாள். தவமணியும் திட்ட வாயெடுத்தாள், வேறு என்னவோ வந்தது. "ஒங்ககிட்ட எம்புட்டுக்கா வாங்குனா?" "அம்பது." பஞ்சவர்ணம் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கேட்டாள். "ஒன்கிட்ட?" "முப்பது." பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த இருபதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் குறைத்துக் கேட்டிருக்கிறாள். இவளால் இவ்வளவுதான் முடியும் என்று நினைத்தாளா. பஞ்சவர்ணத்தக்காவோடுதான் அதிக நெருக்கமா. இல்லை, தவம் பாவம், அவளை ரொம்பக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தாளா. எப்படிப் பார்த்தாலும் பார்க்கலாம், கேட்டுத் தெளிய ஆள் இல்லை. ஈரச் சேலை காலோடு ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது. பாசத்தினால்தான் குறைத்துக் கேட்டாள் என்று தவமணி முடிவு பண்ணிக்கொண்டாள். அப்படி முடிவு பண்ணிக்கொண்டால்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை கட்ட முடியும்.